நண்டைப் பாதியில் விட்ட சனிக்கிழமை

கௌதமி ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். வைத்தாள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். போட்டாள். அது மைக்கின் காலில் பட்டு எழுப்பிய சத்தம் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கேட்டிருக்கும். ஏனென்றால் மைக் திறந்திருந்தது.

நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "இனிமே நீயாச்சு, உன் புக்காச்சு" என்றாள். அதுவும் காற்றில் போனது.

நான் சும்மா இருந்தேனா? சும்மா இருந்தால் நான் எஸ்தர் இல்லையே. "போ. போனா போ. கதவ சாத்திக்கினு போ" என்றேன்.

சாத்தினாள். நன்றாகவே சாத்தினாள்.

திருவொற்றியூரில் ஓர் அரிசி மண்டிக்கு மேலே, இரண்டாம் மாடியில், எங்கள் சமுதாய வானொலிக்கு இடம் பிடித்த கதையைப் போன வாரம் சொன்னேன். சுவரெல்லாம் சாக்குப்பை அடித்து எதிரொலியை அடக்கிய அந்தச் சின்ன அறையில் நடந்த சண்டை இது. இரண்டு பேருக்கு நடுவில் நடந்தது, ஆனால் ஊரே கேட்டது.

நியூஸ் வாசிக்கிறியா?

சண்டைக்கு முன்னால் நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் 'குந்திப் பேசுவோம்'. சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை, நேரலை.

'குந்து' என்ற சொல் பெயரில் வரக் கூடாது என்று ஒருவர் ஆட்சேபித்தார். அமரலாமாம், உட்காரலாமாம், குந்தக் கூடாதாம். "எங்க ஊர்ல குந்தினாத்தான் சார் பேச்சே வரும்" என்று சொல்லி அவரை அனுப்பி வைத்தோம்.

ஒரு வாரம் சரித்திரம், ஒரு வாரம் ஒரு புத்தகம், ஒரு வாரம் பறவை, பூச்சி, மீன், மரம். எடுத்தது ஒரே விஷயமாக இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் முழுக்க அதையே பேச வேண்டும். நடுவில் பாட்டு கிடையாது. நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவள், அதனால் சரித்திரமும் புத்தகமும் என் பக்கம். உயிருள்ளவை எல்லாம் கௌதமி பக்கம். அவள் வியாசர்பாடிக்காரி. பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சர். அவர்கள் வீட்டுக் கூடத்தில் சுவரில் புத்தர் படம் இருக்கும், அதற்கு நேர் கீழே ஒரு மீன் தொட்டி இருக்கும். வணங்கப் போகிறவர்கள் எதை வணங்குகிறார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

முதல் சில வாரங்கள் நான் மேடைத் தமிழில் பேசினேன். "துறைமுகச் சுவர்கள் எழுப்பப்பட்டபோது" என்று ஆரம்பித்தால் எதிரில் கௌதமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்குவாள். ஒரு நாள் அடக்க முடியாமல் மைக்கிலேயே கேட்டுவிட்டாள்.

"இன்னா எஸ்தரு, நியூஸ் வாசிக்கிறியா? நேத்து டீக்கடையில சோக்கா சொன்னியே, அப்படிச் சொல்லு."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சொன்னேன். "ஆர்பருக்கு கடலுக்குள்ள சொவுரு கட்டனாங்களா? தெக்கேந்து வர்ற மணலு அங்கயே நின்னுக்கிச்சு. அந்தாண்ட பீச்சு வளந்துகினே போச்சு. இந்தாண்ட மணலு வரல. நம்ம தெருவுங்கள கடலு ஒண்ணொண்ணா தின்னுடுச்சு."

அன்றைக்குத்தான் எங்கள் நிகழ்ச்சி பிறந்தது. திரையில் எங்கள் பேச்சைப் பேசுகிறவன் ஒன்று ரவுடியாக இருப்பான், இல்லையென்றால் கோமாளியாக இருப்பான். அதே பேச்சில் கூழைக்கடாவின் அலகுப் பையைப் பற்றியும், ராயபுரம் ஸ்டேஷன் தூண்களைப் பற்றியும், முந்நூறு பக்கப் புத்தகத்தைப் பற்றியும் மணிக்கணக்காகப் பேசலாம் என்று நாங்கள் காட்டினோம். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை.

தூங்குகிற ஃபோன்

ஒரே ஒரு குறைதான். எங்களுக்கு ஃபோன் வரவில்லை.

ஸ்டூடியோ மேசையில் ஒரு வெள்ளை ஃபோன் இருந்தது. ஒவ்வொரு கால்மணிக்கும் அதன் நம்பரைச் சொல்வோம். "இன்னா நெனைக்கிறீங்கோ, கூப்ட்டுச் சொல்லுங்கோ" என்போம். வருஷங்கள் போயின. அது ஒரு தடவைகூட அடிக்கவில்லை. சில நாள் நடுப்பேச்சில் ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்ப்பேன். 'ஙொய்' என்று உயிரோடுதான் இருக்கும். வைத்துவிடுவேன்.

எங்களுக்கு அடுத்து ஐந்து மணிக்கு சினிமாப் பாட்டு. அதற்கு மணி அடிக்க ஆரம்பித்தால் ஓயாது. நிலையத்தின் மேனேஜர் பிரபாகர் நல்ல மனிதர், யாரையும் அதட்டத் தெரியாதவர். ஒரு நாள் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார்.

"பாட்டு நேரத்துல ஃபோன் சூடாகுது மேடம். உங்க நேரத்துல தூங்குது. கமிட்டில கேக்கறாங்க. யாருமே கேக்காத பேச்சுக்கு எதுக்கு ஒரு மணி நேரம்னு."

"கேக்கலன்னு எப்படிச் சொல்றீங்க?"

"கேட்டா கூப்பிடுவாங்க இல்ல மேடம்?"

எனக்கே உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்தது. சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறோமோ என்று பல சனிக்கிழமைகள் பஸ்ஸில் வீடு திரும்பும்போது நினைத்திருக்கிறேன்.

கமிட்டி முடிவெடுத்தது. ஒரு மணி நேரப் பேச்சு இனிமேல் கிடையாது. அதைப் பத்துப் பத்து நிமிஷத் துண்டாக வெட்டி, முன்கூட்டியே பதிவு செய்து, பாட்டுக்கு நடுவில் போடலாம். வருகிற சனிக்கிழமைதான் கடைசி நேரலை.

கீழே டீக்கடையில் நின்று கௌதமியிடம் சொன்னேன். "ஒரு மணி நேரம் குடுத்தா பேசலாம். இல்லன்னா ஒண்ணும் வேணாம். பத்து நிமிஷத்துல இன்னாத்த சொல்றது? வணக்கம் சொல்லவே அஞ்சு நிமிஷம் ஆவும் எனக்கு. இன்னா சொல்ற?"

அவள் தலையாட்டினாள் என்றுதான் நினைத்தேன். டீயை ஊதி ஆற்றியதில் ஆடிய தலை அது என்பது பிறகுதான் உறைத்தது.

அப்பாவுக்குப் புரியாத வழக்கம்

இங்கே என் அப்பா கடையைப் பற்றி ஒரு வார்த்தை. அவசரப்படாதீர்கள், காரணமாகத்தான் சொல்கிறேன்.

அப்பா தென்மாவட்டத்திலிருந்து வந்து காலடிப்பேட்டையில் மளிகைக் கடை போட்டவர். பருப்பு மூட்டை, மிளகாய் வற்றல், மண்ணெண்ணெய் எல்லாம் கலந்த ஒரு வாசனை அந்தக் கடைக்கு உண்டு. புளி மூட்டைக்கு மேலே ஒரு ரேடியோ இருக்கும். அது பேசினால் அப்பா பதில் பேசுவார். "அதெப்படிங்கேன்?" என்று அதைப் பார்த்துக் கேட்பார். எனக்கு அந்த வியாதி அவரிடமிருந்து வந்தது.

வந்த புதிதில் இந்த ஊர்க்காரர்களிடம் அவருக்கு ஒரு விஷயம் விளங்கவே இல்லை. கடை வாசலில் இரண்டு பேர் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். மூன்றாவதாக வந்தவன் உப்பு வாங்க வந்திருப்பான். வாயைத் திறக்க மாட்டான். அவர்கள் பேச்சு ஓயும் வரை பையைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

"ஏட்டி எஸ்தரு, இங்க பாரு" என்பார் என்னிடம். "ரெண்டு பேரு பேசிக்கிட்டு நிக்கானுவ. மூணாவது ஆளு உப்புக் கேக்க மாட்டேங்கான். இப்படி இருந்தா யாவாரம் எப்படி நடக்கும்?"

ஆனால் அந்த இரண்டு பேரும் சண்டை போட ஆரம்பித்தால் கதை வேறு. உப்பு வாங்க வந்தவன் பையைக் கீழே போட்டுவிட்டு நடுவில் புகுவான். எதிர்வீட்டுக்காரி கரண்டியோடு வருவாள். போகிற வண்டி நிற்கும். ஒருவன் இவனைப் பிடித்து இழுப்பான், ஒருவன் அவனைப் பிடித்து இழுப்பான். விலக்கிவிடுவது என்று அதற்குப் பெயர். விலக்கியதோடு விடவும் மாட்டார்கள். நியாயம் கேட்டு, இரண்டு பேரையும் திட்டி, கடைசியில் விலக்கினவர்களில் ஒருவர் ஒரு சோடா வாங்கி உடைத்துக் கொடுப்பார். பாதியை இவன் குடிக்க வேண்டும், மீதியை அதே பாட்டிலில் அவன் குடிக்க வேண்டும். குடித்தால்தான் சண்டை முடிந்தது என்று அர்த்தம்.

சோடா விற்றது என்பதால் அப்பாவுக்கு அந்த வழக்கத்தில் மட்டும் ஆட்சேபம் இருந்ததில்லை.

இவ்வளவையும் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த வெள்ளை ஃபோனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தபோது ஒரு தடவையாவது இது எனக்கு ஞாபகம் வந்திருக்கலாம். வரவில்லை.

ஓடு மாற்றும் நண்டு

அந்தக் கடைசிச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

விஷயம் நண்டு. எண்ணூர் கழிமுகத்துச் சேற்று நண்டு. கௌதமி அன்றைக்கு என்னவோ கூடுதலாக அழகாகப் பேசினாள். கடைசி என்பதால் இருக்கும். நண்டு வளரும், ஆனால் அதன் ஓடு வளராது என்றாள். சட்டை சின்னதாகிப்போன பிள்ளை மாதிரி அது உள்ளே கிடந்து தவிக்கும் என்றாள்.

"அப்ப இன்னா பண்ணும்?" என்றேன்.

"சட்டையக் கழட்டும். முதுகாண்ட ஓடு வெடிக்கும். பின்பக்கமாவே நவுந்து நவுந்து வெளிய வரும். கண்ணு, காலு, கொடுக்கு எல்லாத்தையும் உருவிக்கினு வரும். பழைய ஓடு முழு நண்டு மாதிரியே அங்க கெடக்கும். பாக்கறவன் நண்டு செத்துப்போச்சுன்னு நெனப்பான்."

"வெளிய வந்தது?"

"அது வெறும் கொழகொழ சதை. ஒரு மீனு வந்து தொட்டாக்கூட போச்சு. அதனால பொந்துக்குள்ள பூந்துக்கினு கம்முனு கெடக்கும். சாப்பிடாது, வெளிய வராது. யாரு கண்ணுலயும் படாது."

அங்கே அவள் ஒரு மூச்சு நிறுத்தினாள். மூச்சு நின்ற இடத்தில் நான் புகுந்தேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது, எதையாவது பேசினால் பரவாயில்லை போலிருந்தது.

"நாமளும் இன்னியோட பொந்துக்குள்ள போறோம்" என்றேன் மைக்கில். "இந்த நிகழ்ச்சி அடுத்த வாரம் கெடையாது. பத்து நிமிஷம் பேசச் சொன்னாங்கோ. எங்க ரெண்டு பேருக்குமே அது வேணாம்னு சொல்லிட்டோம்."

நிமிர்ந்து பார்த்தேன். கௌதமி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்லல எஸ்தரு" என்றாள். "நான் ஒத்துக்கினேன்."

"எத?"

"பத்து நிமிஷத்த. பிரபாகர் சார் கேட்டாரு. சரின்னுட்டேன்."

சிரித்துக்கொண்டே பாட்டு ஒன்று போட்டுவிட்டு வெளியே போய்ச் சண்டை போட்டிருக்கலாம். எனக்கு அந்தப் புத்தி எப்போது இருந்தது?

"எனக்குத் தெரியாமயா?"

"உன்னாண்ட சொன்னா நீ உடுவியா?"

"நண்ட நாலு துண்டா வெட்டி நாலு நாளைக்கிப் போடப் போறியா? நாளைக்கி கொடுக்கு, நாளன்னிக்கி காலு?"

"சுத்தமா இல்லாம போறதுக்கு அதாவது கெடைக்கட்டுமே. கழிமுகத்தப் பத்திப் பேச நமக்கு வேற எடம் எங்க கீது? உனக்கு இன்னா, நீ படிச்சத நீயே பேசிக் கேட்டுக்க ஒரு மணி நேரம் ஓணும்."

அது என்னைத் தைத்தது. தைக்கட்டும் என்றுதான் சொன்னாள். அதற்குப் பிறகுதான் ஹெட்போன், நாற்காலி, கைப்பை, கதவு.

மாடிப்படியில் சத்தம்

நான் தனியாக இருந்தேன். நிகழ்ச்சி முடிய இன்னும் நேரம் இருந்தது. பலகையில் மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைக்கத் தோன்றவில்லை. ஜன்னல் வழியாகக் கீழே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை தெரிந்தது. எப்போதும் போல நகராமல் நின்றது. நான் அழுதேன். மூக்கை உறிஞ்சியது காற்றில் போயிருக்கும், போகட்டும்.

பிரபாகர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையால் ஏதோ சைகை காட்டினார். ஃபோனைப் பார்த்தேன். அடிக்கவில்லை. இத்தனை பெரிய கூத்துக்குக்கூட ஒரு மனுஷரும் கூப்பிடவில்லை என்றால் பிரபாகர் சொன்னது உண்மைதான், யாருமே கேட்கவில்லை என்று முடிவுகட்டினேன்.

அப்போது மாடிப்படியில் திபுதிபுவென்று சத்தம் கேட்டது.

கதவு திறந்தது. முதலில் ஒரு மீன் வாசனை வந்தது. அதன் பின்னால் பத்மா வந்தார். மார்க்கெட் முனையில் மீன் விற்கிறவர். இடுப்பில் சொருகிய புடவை, முழங்கை வரை செதில். ஒரு கையில் கௌதமியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பாதிப் படியில் பிடித்துத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறார்.

"இன்னாம்மா உங்க ரெண்டு பேருக்கும்?" என்றார். "நல்லாத்தான பேசிக்கினு இருந்தீங்கோ. குந்து டீச்சரம்மா. எஸ்தரம்மா, நீ மூக்கத் தொடச்சுக்கோ."

அவருக்குப் பின்னால் ஒரு ஆட்டோக்காரர். அவருக்குப் பின்னால் காக்கிச் சட்டையோடு ஒரு லாரி டிரைவர். அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் இரண்டு பேர், தலையில் துண்டோடு. தையல் கடைப் பெண், கழுத்தில் அளவு நாடாவோடு. அதற்கு மேல் அறையில் இடம் இல்லை. படி நெடுகத் தலைகள் தெரிந்தன. கொருக்குப்பேட்டையிலிருந்து இன்னொரு ஆட்டோ வந்துகொண்டிருப்பதாக ஒருவர் ஃபோனில் கேட்டுச் சொன்னார்.

"சண்டைய உடுங்கோ" என்றார் லாரி டிரைவர். "நண்டு பொந்துக்குள்ள போச்சு. அப்பால இன்னா ஆச்சு? அதச் சொல்லாம எந்திரிச்சுப் போனா எப்படி?"

கௌதமி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

பிரபாகர் உள்ளே நுழைய இடமில்லாமல் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "நீங்கல்லாம் இந்த நிகழ்ச்சிய கேப்பீங்களா?" என்றார்.

"கேப்பீங்களாவா?" என்றார் டிரைவர். "சார், ஆர்பரு கேட்டுக்கு நாங்கோ லைன்ல நிக்கிறோம். வண்டி நவுராது. பாட்ட எவ்ளோ நேரந்தான் கேக்கறது? சனிக்கெழம ஆச்சுன்னா இவங்கோ பேச்சுதான். எனக்கு முன்னாடி வண்டியில ரேடியோ ரிப்பேரு. அந்த ஆளு எறங்கி என் கேபின்ல வந்து குந்திப்பான்."

தையல் கடைப் பெண், வெள்ளம் வந்தால் ஆறு எந்தப் பக்கம் திரும்பும் என்று நாங்கள் பேசிய வாரத்தை நினைவுபடுத்தினாள். அவள் அக்கா வீடு சடையங்குப்பத்தில். மழைக்கு முன்னால் பரணில் எதை ஏற்றுவது என்று அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு அக்கா வீட்டில் முடிவு செய்தார்களாம். மூட்டைக்காரர்களில் ஒருவர், நான் சொன்ன புத்தகத்தைத் தன் மகள் தேடி வாங்கிவிட்டாள் என்றார். படிக்கிறாளா என்றேன். "எனக்கும் படிச்சுக் காட்டுது" என்றார்.

பிரபாகருக்குத் தாங்கவில்லை. "அப்புறம் ஏங்க ஒருத்தர்கூட ஃபோன் பண்ணல? நம்பர் சொல்லிக்கிட்டேதானே இருந்தோம்?"

பத்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா நைனா பேசற? ரெண்டு பேரு குந்திப் பேசிக்கினு கீறாங்கோ. நடுவுல பூந்து அலோ அலோன்றது மருவாதியா?"

"இப்ப மட்டும் வந்திருக்கீங்களே?"

"இப்ப பேச்சா நடந்துச்சு? சண்ட. சண்டன்னா வராம இருக்க முடியுமா?"

எனக்கு அப்பா கடை வாசல் அப்படியே கண்முன் வந்து நின்றது. பையைப் பிடித்துக்கொண்டு, உப்புக் கேட்காமல், பேச்சு முடியக் காத்து நின்றவர்கள். இத்தனை வருஷமும் எங்கள் பேச்சுக்கு வெளியே இவர்கள் அப்படித்தான் நின்றிருக்கிறார்கள். நான் மறுபடி அழுதேன். இந்தத் தடவை சிரித்துக்கொண்டே அழுதேன்.

மைக்ல சொல்லு

நியாயம் கேட்காமல் விடுவார்களா? கேட்டார்கள். கௌதமி தன் பக்கத்தைச் சொன்னாள், நான் என் பக்கத்தைச் சொன்னேன். பத்மா தீர்ப்பு சொன்னார்.

"டீச்சரம்மா சொல்றதுலயும் நாயம் கீது. ஒண்ணுமே இல்லாததுக்கு பத்து நிமிஷம் தேவல. ஆனா எங்களக் கேக்காம இன்னாத்துக்கு ஒத்துக்கினே? எஸ்தரம்மா, நீயும் எங்களக் கேக்காம இன்னாத்துக்கு வேணான்னே?"

இரண்டு பேருக்கும் ஒரே அளவு திட்டு. கீழேயிருந்து ஒரு டீ வந்தது. ஒன்றே ஒன்று. ஆட்டோக்காரர் அதை இரண்டு கிளாஸில் பாதிப் பாதியாக ஊற்றினார். நான் குடித்தேன். கௌதமியும் குடித்தாள். "சக்கர கம்மி" என்றாள். "உனக்கு எப்பவும் கொறதான்" என்றேன். எங்களுக்குள் அதோடு முடிந்தது.

பத்மா பிரபாகர் பக்கம் திரும்பினார். "இப்ப நீ சொல்லு நைனா. ஒரு மணி நேரம் உண்டா, இல்லியா?"

"உண்டுங்க. நான் கமிட்டில பேசறேன்."

"இங்க சொல்லாத. மைக்ல சொல்லு. இங்க சொல்லிட்டு நாளிக்கி மாத்திப் பேசுவ."

அப்போதுதான் எனக்குச் சிவப்பு விளக்கு ஞாபகம் வந்தது. மைக் இன்னும் திறந்துதான் இருந்தது. பத்மா படியேறி வந்ததிலிருந்து டீ ஊற்றியது வரை எல்லாமே போய்க்கொண்டிருந்திருக்கிறது. பிரபாகரும் அதைப் பார்த்தார். முகம் வெளுத்து, பிறகு மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. மூட்டைக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் மைக் அருகில் குனிந்தார்.

"குந்திப் பேசுவோம்" என்றார். அந்தச் சொல் அவர் வாயில் வந்ததே எனக்குப் போதும். "இந்த நிகழ்ச்சி அடுத்த வாரமும் நாலு மணிக்கு வரும். ஒரு மணி நேரம். முழுசா."

படியில் யாரோ விசில் அடித்தார்கள். ஊர் கேட்கச் சொன்ன வார்த்தையை எந்தக் கமிட்டி திரும்ப வாங்கும்? வாங்கவில்லை.

"செரி" என்றார் லாரி டிரைவர், தரையில் சப்பணம் போட்டுக்கொண்டு. "இப்ப நண்டு."

கௌதமி ஹெட்போனை எடுத்து மாட்டினாள். அத்தனை பேரும் சட்டென்று அடங்கினார்கள். ஒரு இருமல்கூட இல்லை.

"பொந்துக்குள்ள கெடக்குதா?" என்றாள். "கம்முனு கெடக்குதேன்னு நெனைக்காதீங்கோ. அங்க அது தண்ணிய உள்ள இஸ்துக்கும். ஒடம்பு உப்பும். புது ஓடு மெத்துன்னு இருக்கறப்பவே அத உள்ளேந்து தள்ளித் தள்ளிப் பெருசாக்கிடும். அப்பாலதான் ஓடு கெட்டியாவும். வெளிய வர்றப்போ அது பழைய நண்டு இல்ல. பெரிய நண்டு."

"எவ்ளோ பெருசு?" என்றேன் நான்.

"கைய உட்டுப் பாரு, தெரியும்" என்றாள். அறையே சிரித்தது.

பேசுங்க

அடுத்த சனிக்கிழமை நாலு மணி. விஷயம் உப்பளம். அத்திப்பட்டுப் பக்கம் உப்பு விளைந்த காலத்தைப் பற்றி ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியம் பேசியிருப்பேன்.

ஃபோன் அடித்தது.

கௌதமிதான் எடுத்தாள். ஸ்பீக்கரில் ஒரு ஆண் குரல் கேட்டது.

"காசிமேட்லேந்து பேசறேன். ஃபோனு அடிக்கலன்னு மறுபடியும் ரோதன வரக் கூடாது பாரு, அதுக்குக் கூப்ட்டேன். கேட்டுக்கினு கீறோம். நீ பேசு." வைத்துவிட்டார்.

உப்பளத்துக்குத் திரும்பினேன். பாத்தி கட்டுவதற்குள் மறுபடி அடித்தது. இந்தத் தடவை ஒரு பெண். "சடையங்குப்பம். கேட்டுக்கினு கீறோம். பேசுங்கோ." டக்கென்று வைத்தாள். கொருக்குப்பேட்டை கூப்பிட்டது. அத்திப்பட்டு கூப்பிட்டது. புளியந்தோப்பிலிருந்து ஒருவர், அங்கே சரியாக எடுக்கவில்லை, ஆனாலும் மொட்டை மாடியில் நின்று கேட்கிறேன் என்றார். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. யாரும் தன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. கேட்டுக்கினு கீறோம், பேசு, டக். வைத்த கை எடுப்பதற்குள் அடுத்தது.

"இன்னா எஸ்தரு இது" என்றாள் கௌதமி மைக்கில். "ஒரு உப்பு காய உட மாட்டேன்றாங்கோ."

நான் சிரித்துச் சிரித்து இருமிக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிரபாகர் எழுந்தார். இத்தனை வருஷமும் அந்த ஃபோன் அடிக்காதா என்று ஏங்கிய மனிதர். கதவைச் சத்தம் வராமல் திறந்து, குனிந்து பூனை மாதிரி உள்ளே வந்தார். ரிசீவரை எடுத்து மேசைமேல் படுக்கப் போட்டார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, வாயைத் திறக்காமல், பேசுங்க என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்.